ஐந்து வயதும் எழுபத்தொரு வயதும் ஒன்றாக வாசிக்க என்ன புத்தகம்?

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். மூத்த மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார், அவருக்கு 71. போன வருடம் இலை உதிரத் தொடங்கியதும் நூலகத்திலிருந்து ஒரு பை நிறையப் புத்தகம் எடுத்து வந்தேன். அரைவாசிக்கு மேல் திறக்காமலே திரும்பிப் போனது. இந்த வருடமும் பொழுது கெதியாக இருட்டத் தொடங்கிவிட்டது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். மகன் கொமிக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டான். மூத்தவளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்க வராது. சின்னவளுக்குப் படம் மட்டும்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கணவருக்குக் கிழமையில் நாலு நாள் மாலை வேலை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் தொடங்கலாமா? எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி, பிள்ளைகளின் தமிழும் வளர்கிற மாதிரி ஒரு பட்டியல் தருவீர்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் தருகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதை விட அது சின்னதாக இருக்கும். போன வருடம் அந்தப் பையிலிருந்த புத்தகங்கள் திறக்கப்படாமல் திரும்பியதற்கு உங்கள் பிள்ளைகளையோ போனையோ நான் குறை சொல்லமாட்டேன். வயதைப் பார்த்து ஆளுக்கு நாலு என்று எடுத்திருப்பீர்கள். நூலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அந்த முறை முழுதாகப் பலித்தாலும் என்ன நடக்கும்? ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு புத்தகம் இருக்கும். அதுவும் நல்லதுதான். ஆனால் உங்கள் கடிதம் கேட்பது வேறு. இருட்டிய பிறகு ஆறு பேரும் ஒரே இடத்தில் இருந்து ஒரே கதைக்குள் போக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு தடை இருக்கிறது, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சின்னவளைத் தவிர எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், ஆனால் ஆறு பேராலும் வாசிக்கக்கூடிய ஒரு பக்கம் கூட அந்த வீட்டில் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலப் பக்கம் மூடியிருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பக்கம் மூடியிருக்கிறது. ஸ்காபரோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் பல தமிழ் வீடுகளின் நிலை இதுதான். வயதுக்கேற்ற புத்தகம் தேடுவதால் இந்தச் சிக்கல் தீராது.

அதனால் என் யோசனை இது. இந்த இலையுதிர் காலத்தில் குடும்பத்துக்கென்று இரண்டு புத்தகம் மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று, எழுத்தே இல்லாத புத்தகம். மற்றது, உங்கள் அம்மா உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கிற தமிழ்ப் புத்தகம். மிச்சமெல்லாம் அவரவர் விருப்பம்.

எழுத்தில்லாத புத்தகம் என்றதும் சின்னவளுக்கான அட்டைப் புத்தகத்தை நினைத்துவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஓவியர் ஷோன் டான் 2006இல் வெளியிட்ட ‘தி அரைவல்’ என்ற புத்தகத்தைத்தான் முதலில் சொல்கிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், முழுக்கப் பென்சில் ஓவியங்கள், பழைய புகைப்படங்களின் பழுப்பு நிறம். கதை எளிமையானது. ஒரு மனிதர் மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு, கப்பலேறி, முன்பின் தெரியாத ஒரு நாட்டுக்கு வருகிறார். அந்த நாட்டின் எழுத்து ஓவியர் கற்பனையில் உருவாக்கியது. ஆகவே அவருக்கு விளங்காதது நமக்கும் விளங்காது. கடைப் பலகை, படிவம், சாப்பாடு, வீட்டுக்குள் வந்து நிற்கிற மிருகம் எல்லாமே புதிது. சுவரொட்டி ஒட்டுகிற வேலை கிடைக்கிறது. எழுத்துத் தெரியாததால் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டி வைக்கிறார். உங்கள் ஒன்பது வயது மகன் அந்தப் பக்கத்தில் சிரிப்பான். உங்கள் கணவர் சிரிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து முதல் வேலைக்குப் போன எவருக்கும் அந்தப் பக்கம் வேறு மாதிரித் தெரியும்.

முதல் பக்கத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் வீட்டுப் பொருட்கள்: கடதாசியில் மடித்த ஒரு பறவை, ஒரு மணிக்கூடு, ஆணியில் தொங்கும் தொப்பி, ஒரு பிள்ளை கீறிய படம், வெடிப்பு விழுந்த தேநீர்க் கேத்தல், திறந்த பெட்டி, ஒரு குடும்பப் படம். மனிதர்கள் வரும் முன்பே இந்தப் பொருட்கள் வந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்தை உங்கள் அம்மாவிடம் கொடுத்து, “என்ன நடக்கப் போகுது?” என்று கேளுங்கள். அவர் தமிழில் சொல்வார். பிள்ளைகள் கேட்பார்கள். பெட்டி கட்டுகிற வீட்டை அவருக்குத் தெரியும்.

புத்தகம் ஆறு பகுதிகளாக இருக்கிறது. ஒரு மாலைக்கு ஒரு பகுதி போதும். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, புத்தகத்தை நடுவில் வைத்து, நல்ல வெளிச்சம் போடுங்கள். பக்கம் புரட்டுகிற பொறுப்பைச் சின்னவளிடம் கொடுங்கள். அவளுக்கு வேகம் வந்தால் மகன் மறிப்பான், அந்தச் சண்டையும் நல்லது. ஒன்றை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்: கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்க வேண்டாம். “இது என்ன? அது ஏன்?” என்று பெரியவர்கள் தொடங்கினால், பிள்ளைகளுக்கு அது பாடசாலை ஆகிவிடும். யாருக்கு என்ன தெரிகிறதோ அவர் அதைச் சொல்லட்டும். இரண்டு பேருக்கு இரண்டு கதை தெரிந்தால் இரண்டும் இருக்கட்டும்.

இந்தப் புத்தகம் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கதையில் வருகிற மற்றக் குடியேறிகள் தாங்கள் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்று சொல்கிற இடங்கள் உண்டு. துரத்தப்பட்டவர்கள் உண்டு, போருக்குப் போய்த் திரும்பிய ஒரு முதியவர் உண்டு. உங்கள் அம்மா ஊரில் எந்தக் காலத்தைக் கடந்து வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை; ஆனால் 71 வயது என்றால் நான் ஊகிக்கலாம். அவர் அந்தப் பக்கங்களில் பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். பேசத் தொடங்கினால், புத்தகத்தை மூடாமலே ஒரு பக்கம் வைத்துவிட்டு அவரைக் கேளுங்கள். மூத்த மகள் ஏதாவது கேட்டால் “அம்மம்மாவைக் கரைச்சல்படுத்தாதே” என்று தடுக்க வேண்டாம். எவ்வளவு சொல்வது என்பதை அம்மம்மாவே முடிவு செய்வார். சின்னவள் இருக்கும்போது எதைச் சொல்லலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு பகுதியை இரண்டு மாலைக்கு நீட்ட வேண்டி வந்தாலும் குறை ஒன்றும் இல்லை.

இது இப்போது கனமாக இருக்கும் என்று தோன்றினால், முதலில் ‘சைட்வாக் ஃபிளவர்ஸ்’ எடுங்கள். ரொறன்ரோவில் வாழும் கவிஞர் ஜோன்ஆர்னோ லோசன் கதையை அமைக்க, சிட்னி சிமித் வரைந்தது. 2015இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருது பெற்றது. இதிலும் எழுத்து இல்லை. ஒரு சிறுமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நகரத்துத் தெருவில் நடந்து வருகிறாள். அப்பா போனில் கதைத்துக்கொண்டே வருகிறார். அவள் நடைபாதை வெடிப்புகளில் முளைத்த பூக்களைப் பறித்துக்கொண்டு வருகிறாள், பிறகு அவற்றை ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போகிறாள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளே அப்பாவைப் பார்த்துச் சொல்வார்கள்.

சரி, இனித் தமிழ்ப் புத்தகம்.

பொன்னியின் செல்வனில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம் என்பேன். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை அது; ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த கிழமைக்கு ஆட்களை இழுத்து வைப்பதற்காகவே எழுதப்பட்டது. ஆகவே கேட்பதற்கு ஏற்ற நாவல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து பாகம். உங்கள் மகனுக்கும் சின்னவளுக்கும் அந்த அரச குலப் பெயர்களும் உறவு முறைகளும் முதல் மாலையிலேயே தலையைச் சுற்றும். பாதியில் விட்டால் “தமிழ்ப் புத்தகம் என்றால் முடியாது” என்பதுதான் அவர்களுக்கு மிஞ்சும். மூத்தவள் 2022இலும் 2023இலும் வந்த படங்களைப் பார்த்திருந்தால், ஆட்களின் முகம் அவளுக்குத் தெரியும். அவளும் அம்மம்மாவும் மட்டும் பனிக்காலத்தில் முதல் பாகத்தைத் தொடங்கிப் பார்க்கலாம்.

எல்லோருக்குமாக நான் சொல்வது ஈழத்து எழுத்தாளர் செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. 1960களின் கடைசியில் எழுதப்பட்ட நகைச்சுவை நாவல். யாழ்ப்பாணக் கிராமத்தைத் தாண்டி உலகம் பார்க்காத ஒரு ஆச்சி கதிர்காமத்துக்குப் புறப்படுகிறார். வழியில் காண்பதெல்லாம் அவருக்கு அதிசயம், அவர் கதைப்பதெல்லாம் மற்றவர்களுக்கு அதிசயம். இதைத் தேர்ந்ததற்கு நகைச்சுவை ஒரு காரணம், அதை விடப் பெரிய காரணம் அதில் வரும் பேச்சு.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் “தமிழ்ப் புத்தகம் விளங்கவில்லை” என்று சொல்லும்போது, பெற்றோர் அவர்களுக்குத் தமிழே வராது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் உண்மை அப்படி இல்லை. பாடப் புத்தக நடையும் மேடைத் தமிழும் அந்தப் பிள்ளைகளின் காதுக்குப் பழக்கமில்லாதவை. ஆனால் அம்மம்மா குசினிக்குள் இருந்து போனில் சிநேகிதியோடு கதைப்பது முழுக்க விளங்கும். ‘எங்கை போறாய்?’, ‘சும்மா இரு பாப்பம்’ என்பதெல்லாம் பிறந்த நாள் தொட்டுக் கேட்டவை. ஆகவே யாழ்ப்பாணப் பேச்சில் உரையாடல் நிறைந்த கதையை அம்மம்மா வாசித்தால், பாதிக் கதை அவர்களுக்குத் தெரிந்த தமிழிலேயே வந்து சேரும். மிச்சப் பாதியை அந்தப் பாதி இழுத்துக்கொண்டு போகும். தமிழ்நாட்டுச் சூலூரிலோ கோவில்பட்டியிலோ நடக்கிற கதை தரத்தில் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு அது இரண்டாவது படி.

வேறு புத்தகம் தேடுவதென்றாலும் இந்த அளவுகோலைக் கொண்டு போகலாம். நூலகத்துத் தமிழ் அலமாரிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் கவனமாகத்தான் எழுதுவார்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அம்மாவை மெல்லிய குரலில் அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தைப் பார்க்காமல் கேளுங்கள். யார் பேசுகிறார் என்று காதாலேயே தெரிகிறதா? வசனம் முடியும் முன் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதா? பதினைந்து நிமிடத்துக்குள் நிறுத்தக்கூடிய ஓர் இடம் வருகிறதா? கண்ணால் வாசிக்கும்போது அழகாகத் தெரிகிற நீண்ட வர்ணனைகள் உரத்து வாசிக்கும்போது தடக்கும். பெரிய எழுத்தாளர் என்பதற்காக அப்படியொரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அம்மா அதைத் தனியாக ரசிக்கட்டும்.

இந்த அளவுகோலுக்கு நன்றாகப் பொருந்தும் இன்னொருவர் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் 1937இல் பிறந்தவர், பல நாடுகளில் வேலை செய்து பிறகு கனடாவில் குடியேறியவர். அவருடைய வசனங்கள் சின்னவை, பக்கத்தில் இருந்து கதைப்பது போன்ற தொனி, எதிர்பாராத இடத்தில் சிரிப்பு வரும். ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ என்ற அவருடைய நாவலில் அத்தியாயங்களைத் தனித்தனியாகவும் வாசிக்கலாம், ஆகவே கணவர் வேலைக்குப் போன மாலையில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். சிறுவயது ஊர் நினைவுகளும் உண்டு, ஆப்பிரிக்காவும் உண்டு, கனடாவும் உண்டு. எந்த அத்தியாயம் சின்னவர்களுக்குச் சரி என்று நீங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அது பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட புத்தகம் அல்ல.

உங்கள் அம்மாவின் கண் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப் புத்தகங்களின் எழுத்து பல சமயம் சிறியது, இங்கே மாலை வெளிச்சமும் குறைவு. அரை மணி நேரம் உரத்து வாசிக்க வேண்டுமென்றால் கூரை விளக்கு போதாது. தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தில் விழுகிற மேசை விளக்கு ஒன்று வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இருக்கிற இணையத்தளத்தை (noolaham.org) பாருங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள்; ஈழத்துப் பழைய நாவல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். டப்லெட்டில் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அந்த டப்லெட் வேலையை மூத்த மகளிடம் ஒப்படையுங்கள். அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும். பதினைந்து வயதில் காரணம் இல்லாமல் வந்து உட்காரமாட்டார்கள்.

அம்மா தனக்கென்று வாசிக்க, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நல்லது. நெடுந்தீவு மீனவர் கதை, 1978இல் படமாகவும் வந்தது. ஊரில் தியேட்டரில் பார்த்திருக்கவும் கூடும், கேட்டுப் பாருங்கள்.

மகனுக்கு வருவோம். கொமிக்ஸைப் பறிக்காதீர்கள். ஒன்பது வயதுப் பையன் ஒரு புத்தகத்தைத் தானாக எடுத்து, கடைசிப் பக்கம் வரை போய், அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்டால் அவன் வாசகன். பட வரிசையைத் தொடர்ந்து போவதும், முகபாவத்தைப் பார்த்துச் சொல்லப்படாததை ஊகிப்பதும் வாசிப்புத்தான். ‘டோக் மான்’ வரிசையை எழுதும் டேவ் பில்கி, சின்ன வயதில் தனக்கு வாசிப்பதில் சிரமம் இருந்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட புத்தகங்கள் அவை. ‘தி அரைவல்’ மேசைக்கு வரும்போது, படம் வாசிப்பதில் உங்கள் வீட்டிலேயே பழகிய கண் அவனுடையதுதான் என்பதைப் பார்ப்பீர்கள்.

அவன் கொமிக்ஸுக்கு வெளியே ஓர் அடி வைக்க வேண்டுமென்றால் ஹொக்கியைப் பிடியுங்கள். பருவம் இலையுதிர் காலத்தில்தான் தொடங்குகிறது. ரோக் கரியே எழுதிய ‘தி ஹொக்கி ஸ்வெட்டர்’ என்ற படக் கதையைக் கொடுங்கள். கியூபெக் கிராமத்தில் ஒரு சிறுவன். ஊரில் எல்லாப் பையன்களும் மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் மொரிஸ் ரிஷாரைப் போல 9ஆம் இலக்கச் சட்டை போட்டுத்தான் விளையாடுவார்கள். அவனுடைய சட்டை சின்னதாகிக் கிழிந்துபோக, அம்மா ஈட்டன்ஸ் கடைக்குக் கடிதம் எழுதிப் புதிதுக்கு அனுப்புகிறார். பொதி வருகிறது. உள்ளே இருப்பது எதிரணியான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸின் சட்டை! அம்மா திருப்பி அனுப்ப மறுக்கிறார். ரொறன்ரோப் பையன் ஒருவன் இதை மறுபக்கத்திலிருந்து வாசிப்பது தனி வேடிக்கை. இந்தக் கதையின் வரிகள் பழைய ஐந்து டொலர்த் தாளில் அச்சாகியிருந்தன என்பதையும் சொல்லுங்கள், அப்பாவின் பேர்ஸைத் தேடிக்கொண்டு ஓடுவான். கதையை வாசித்த பிறகு அம்மம்மாவுக்கு அவனே தமிழில் சொல்லட்டும். பாதி ஆங்கிலம் கலந்து வந்தாலும் திருத்த வேண்டாம்.

அவனே அலமாரியில் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்ன வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு அது கனம். அந்தப் புத்தகம் பிடித்திருந்தால் நீங்கள் வாசித்துக் காட்டலாம். பிள்ளைகள் தாங்களாக வாசிக்கக்கூடியதை விடக் கடினமான கதையைக் காதால் பின்தொடர்வார்கள்.

சின்னவளுக்கு இந்தப் பருவத்தில் லோயிஸ் ஏலர்ட்டின் ‘லீஃப் மான்’ எடுங்கள். உதிர்ந்த இலைகளையே அடுக்கி மனிதனும் கோழியும் மீனும் செய்திருப்பார். பக்கங்களின் மேல் விளிம்பு குன்று குன்றாக வெட்டியிருக்கும், பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்ப்பார்கள். மறுநாள் பின்வளவில் இலை பொறுக்கிக்கொண்டு வந்து அவளும் அம்மம்மாவும் கடதாசியில் ஒட்டட்டும். அவளுக்கு ரொறன்ரோ பொது நூலகத்தின் டயல்-எ-ஸ்டோரி சேவையும் இருக்கிறது: தொலைபேசியில் அழைத்தால் கதை கேட்கலாம், தமிழிலும் உண்டு.

மூத்த மகளைப் பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன். அவளுக்கு நீங்கள் புத்தகம் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது. அவள் எடுப்பது உங்களுக்குப் பிடிக்காத மாயாஜாலமாகவோ காதல் கதையாகவோ இருக்கட்டும். ஒன்றை மட்டும் அவள் கண்ணில் படும்படி வைக்கலாம்: ஷியாம் செல்வதுரையின் ‘சுவிம்மிங் இன் த மொன்சூன் சீ’. கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்கு வந்த எழுத்தாளர் அவர். 2005இல் இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதியது இது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பு, பெற்றோரை இழந்த 14 வயதுப் பையன் அம்ரித், பாடசாலை நாடகம், கனடாவிலிருந்து வந்து இறங்குகிற ஒரு உறவுக்காரப் பையன். அந்த உறவுக்காரன் மீது அம்ரித்துக்குக் காதல் வருகிறது. இதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்வது, புத்தகத்தை ஒளித்து வைப்பதற்காக அல்ல. நீங்களும் அதை வாசியுங்கள். அவளுடைய வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் படும் பயம் அவளுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவும் அதே புத்தகத்தை வாசித்தார் என்பது தெரிந்தால், வேறு பலதையும் அவள் உங்களிடம் சொல்லத் துணிவாள்.

கணவர் நேரில் இல்லாத மாலைகளில் அவருக்காக அம்மாவின் வாசிப்பைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்கலாம். ஆங்கில ஒலிப்புத்தகம் வேண்டுமென்றால் நூலக அட்டை இருந்தால் போதும், லிபி (Libby) என்ற செயலியில் இலவசமாக எடுக்கலாம்.

பிள்ளைகளின் தமிழ் வளர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆசை நியாயமானது, எனக்கும் அது முக்கியம். ஆனால் இந்த மாலை நேரத்தைத் தமிழ் வகுப்பாக மாற்றாதீர்கள். சனிக்கிழமை வகுப்பு இருந்தால் எழுத்துப் பயிற்சி அங்கே நடக்கட்டும். மேசையில் அம்மம்மா வாசிக்கும்போது நிறுத்தி நிறுத்திச் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே போகலாம். மூத்தவள் ஒரு நாள் தானாகப் பக்கத்தை எட்டிப் பார்த்து “இது என்ன எழுத்து?” என்று கேட்பாளானால், அப்போது சொல்லிக்கொடுங்கள். கேட்காவிட்டாலும் அவள் காதில் தமிழ் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எப்போது தொடங்குவது? ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி தெரிவித்தல் விடுமுறை வருகிறது. அந்த நீண்ட வார இறுதியில் ‘சைட்வாக் ஃபிளவர்ஸ்’, பிறகு ‘தி அரைவல்’. ஹலோவீன் கிழமையில் ஒன்றும் நடக்காது, விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறோம். அன்றைக்கு ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும், பிள்ளைகளுக்கு மாலை திடீரென்று நீண்டது போல இருக்கும். ஆச்சியின் பயணத்தை அந்த ஞாயிறு தொடங்குங்கள். கிழமைக்கு மூன்று மாலை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். எல்லோருக்கும் இன்னும் கேட்க ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு மாலை வாசித்தும் யாருக்கும் ஒட்டவில்லை என்றால் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்ததற்காக முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் பல வீடுகளில் வாசிப்பு நின்றுபோகிறது. ரொறன்ரோ பொது நூலகத்தில் 2022 முதல் தாமதத்துக்கு அபராதம் இல்லை. மூன்று கிழமைத் தவணையும், வேறு யாரும் கேட்டு வைக்காத புத்தகமானால், புதுப்பிக்கக்கூடியது. ஆகவே அவசரப்பட்டு முடிக்கவும் தேவையில்லை.

‘தி அரைவல்’ படப் புத்தக அலமாரியில் இராது. சித்திர நாவல்கள் இருக்கும் பகுதியில் பாருங்கள். தமிழ்ப் புத்தகங்கள் எல்லாக் கிளைகளிலும் இல்லை. ஸ்காபரோவில் மல்வேர்ன், சீடர்பிரே போன்ற கிளைகளில் தமிழ்ப் பகுதி உண்டு, வேறு கிளையில் இருப்பதையும் உங்கள் கிளைக்கு வரவழைக்கலாம். அதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதால் இந்தக் கிழமையே கேட்டு வையுங்கள். ஆச்சி வந்து சேரத் தாமதமானால் முத்துலிங்கத்தில் தொடங்கிவிடுங்கள்.